டெவனுக்குப் போய் வந்தவர்

மணி அடித்ததும் நரசிம்மன்தான் முதலில் எழுந்தான். அது அவன் வீடு அல்ல. ஆனாலும் சனிக்கிழமைப் பிற்பகலில் ஒருவர் தேடி வருவது 1976ஆம் ஆண்டின் சிட்னிப் புறநகரான ஹோம்புஷில் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. கடைகள் நண்பகலோடு மூடிவிடும். அதன் பிறகு திங்கட்கிழமை காலை வரை தெருவில் காற்றும் எப்போதாவது கடந்து போகும் ரயிலும்தான்.

நரசிம்மன் ரயில்வே பணிமனையில் பொறியாளர். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வேலை நாட்களை எப்படியோ ஓட்டிவிடுவான். சனியும் ஞாயிறும்தான் அவனைத் தின்றன. பக்கத்து வீட்டு விக்னராஜா பழக்கமான பிறகே அந்த இரண்டு நாட்களும் கொஞ்சம் பொறுக்கக் கூடியவையாயின.

விக்னராஜா இலங்கைப் பொலிஸின் துப்பறியும் பிரிவில் இருந்தவர். அந்த வேலையை விட்டு வந்து, இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்துக்காக எரிந்த கடைகளையும் மோதிய கார்களையும் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நிதானமான மனிதர். பொலிஸிடம் போகவும் முடியாது, ஊராரிடம் சொல்லவும் முடியாது என்று ஒரு தொல்லை வந்தால், சிட்னியிலிருந்த சில தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் வீட்டு வாசல்தான் ஞாபகம் வரும்.

வாசலில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் நின்றாள். கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள்.

"விக்னராஜா அங்கிள் இருக்கிறாரோ? நான் கமலினி. நார்த்மீட்டில இருந்து வாறன்."

உள்ளே அழைத்து உட்காரவைத்து, தேநீரும் கொடுத்த பிறகுதான் விக்னராஜா வாயைத் திறந்தார். "சொல்லும், பிள்ளை."

"அப்பாவைப் பற்றித்தான், அங்கிள். ஜூனில இங்கிலாந்துக்குப் போனவர். திரும்பி வந்திட்டார். ஆனா வந்தது எங்கடை அப்பா மாதிரி இல்லை."

"ஆள்மாறாட்டமா?" என்றான் நரசிம்மன், நாற்காலியின் நுனிக்கு வந்து.

கமலினி அவனை வியப்போடு பார்த்தாள். "ஐயோ, இல்லை. ஆள் அவர்தான்."

அவளுடைய தந்தை சச்சிதானந்தன் இலங்கை நில அளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்து சேர்ந்தார். கமலினி ஆஸ்பத்திரியில் டாக்டர். கணவன் சிறிதரன் கணக்காளர். இருவரும் காலையில் போனால் மாலையில்தான் வருவார்கள். பகல் முழுவதும் வீட்டில் அவர் ஒருவர்தான்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவனைப் பார்க்க வேண்டும். இளம் வயதில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த பெல்ஃபீல்ட் துரை அந்த மாவட்டத்துக்காரர். காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கிய நாட்களில் துரை தன் ஊரைப் பற்றியே பேசுவாராம். இருபுறமும் வேலி உயர்ந்த சிவப்பு மண் ஒழுங்கைகள், பசுக்கள் மேயும் குன்றுகள், அவற்றின் முடிவில் திடீரென்று கடல், நூற்றாண்டுகள் பழைய கல் தேவாலயங்கள், இடிந்த கோட்டைகள். துரை ஊர் திரும்பிய பிறகும் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து மட்டை அனுப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரே வரி: 'நீ கட்டாயம் டெவனுக்கு வந்து பார்க்க வேண்டும்.'

"அந்த மட்டையளை வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுவார், அங்கிள். இந்த வருசம் நானும் சிறியும் டிக்கற் எடுத்துக் குடுத்தம். போகேக்கை சின்னப் பிள்ளை மாதிரி இருந்தவர். ஜூலை நடுவில திரும்பி வந்தார். அண்டைக்குத் தொட்டு ஒரு கதையும் இல்லை. சாப்பாடும் சரியில்லை. போன கிழமை திடீரெண்டு சொல்லுறார், யாழ்ப்பாணம் போறாராம். திரும்பி வரமாட்டாராம். டிக்கற்றும் எடுத்துப்போட்டார்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீடு. ஏன் அப்பா எண்டு கேட்டா, 'எனக்கு அதுதான் சரி' எண்டு சொல்லுறார். டெவனில அவருக்கு என்னவோ நடந்திருக்கு. அதைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ."

விக்னராஜா கோப்பையைக் கீழே வைத்தார். "அவர் வந்து இறங்கின நாளைச் சொல்லும். ஒண்டும் விடாமல்."

"பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை. பயணியள் வெளியில வாற கதவையே பாத்துக்கொண்டு நிண்டனான். எல்லாரும் வந்து முடிஞ்சு போச்சு. பயந்துபோனன். அப்ப பின்னாலை இருந்து 'பிள்ளை' எண்டு கூப்பிட்டார். எப்பிடியோ கூட்டத்துக்குள்ள நான் அவரைத் தவறவிட்டிட்டன்."

"பிறகு?"

கமலினியின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "இது சின்ன விசயம். ஆனா எனக்கு மறக்கேலாமல் கிடக்கு. அவர் போகேக்கை எனக்கு இடுப்பு மட்டும் பின்னல். போன பிறகுதான் இப்பிடிக் கட்டையா வெட்டினனான். பள்ளிக்கூடம் படிக்கேக்கை நுனியை வெட்டினதுக்கே ரெண்டு நாள் கதைக்காமல் விட்டவர். கண்டவுடன கத்தப்போறார் எண்டு பயந்துகொண்டுதான் எயார்போர்ட்டுக்குப் போனனான். அவர் என்னைப் பாத்தார். 'கார் எங்கை நிக்குது' எண்டார். அவ்வளவுதான். கத்தியிருந்தாலும் நல்லாயிருந்திருக்கும், அங்கிள். என்னை அவர் காணவே இல்லை."

அவள் கண்கள் கலங்கின. நரசிம்மன் வேறு பக்கம் பார்த்தான். விக்னராஜா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை ஆர் பிரிச்சது?"

"நான்தான். அங்கை வெயில் காலம் எண்டு அஞ்சாறு பருத்திச் சேட் வாங்கி வைச்சுவிட்டனான். எல்லாம் மடிப்புக் கலையாமல், குத்தியிருந்த ஊசியோடை அப்பிடியே இருந்துது. தடிச்ச கம்பளிக் கோட் ஒண்டு புதுசா வாங்கியிருந்தார். சரியான குளிராம்."

"படங்கள் எடுத்தவரோ?"

"ஓம். ஸ்லைட் நிறைய இருக்கு. வந்த புதுசில ஒருக்கா எங்களுக்குப் போட்டுக் காட்டினவர்."

"நாளைக்கு நாங்கள் வந்து பாத்தால் குறை நினைப்பாரோ?"

"வாங்கோ. ஆக்கள் வந்தாலே எனக்குப் பெரிய உதவி."

அவள் போனதும் நரசிம்மன் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். "சார், எனக்கு ஒண்ணு தோணுது. அங்க அந்தத் துரையோட வீட்டுல ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கு. இவர் அதைப் பாத்துட்டார். அவங்க மிரட்டி அனுப்பிட்டாங்க. அதான் வாயே திறக்க மாட்டேங்கறார்."

"இருக்கலாம்."

"இல்லேன்னா அவரோட பாஸ்போர்ட்டைப் பாத்துடலாமே சார்! எங்க இறங்கினார், எப்ப ஏறினார் எல்லாம் முத்திரையில இருக்கும். கமலினி மேடத்தை எடுத்துக் காட்டச் சொன்னா அஞ்சு நிமிஷ வேலை."

விக்னராஜா தலையை அசைத்தார். "ஒரு மனுசன்ரை அலுமாரியை அவருக்குத் தெரியாமல் திறந்து பாக்கிறது பொலிஸ் வேலை, நரசிம்மன். நான் அதை விட்டிட்டு வந்தனான். அவர் தானாக் காட்டுறதைப் பாப்பம்."

மறுநாள் நரசிம்மனின் பழைய ஹோல்டன் காரில் நகரின் மேற்கே உள்ள நார்த்மீட்டுக்குப் போனார்கள். அந்தக் காரைப் பிரித்துப் பூட்டுவதே அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. கார் என்றால் அவனுக்கு உயிர். இருட்டில் ஓசையை வைத்தே எந்த வருடத்து மாடல் என்று சொல்லிவிடுவான்.

சச்சிதானந்தன் உயரமானவர். தோள்கள் கொஞ்சம் இறங்கியிருந்தன. வந்தவர்களை மரியாதையாக வரவேற்றார். டெவன் படங்களைப் பார்க்க ஆசை என்று விக்னராஜா சொன்னபோது அவர் முகம் ஒரு நொடி இறுகியதை நரசிம்மன் கவனித்தான். ஆனால் மறுக்கவில்லை. சிறிதரன் திரைச்சீலைகளை இழுத்துவிட்டான். சுவரில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

முதலில் குன்றுகள் வந்தன. பச்சை வயல்களைச் சதுரம் சதுரமாகப் பிரித்த வேலிகள். சிவப்பாகச் சரிந்து கடலில் இறங்கும் செங்குத்துப் பாறைகள். மீன்பிடித் துறைமுகம் ஒன்று. ஓலை வேய்ந்த வீடுகள் நிறைந்த கிராமத் தெரு. அழகான படங்கள். சச்சிதானந்தன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொன்னார். பாடமாக்கியதை ஒப்பிப்பது போல இருந்தது அந்தக் குரல்.

கிராமத் தெருப் படத்தில் நரசிம்மன் தன்னை மறந்துவிட்டான். "அடடா! நிக்கற கார் எல்லாமே பழைய மாடல். இருபது வருஷத்துக்கு முந்தினது. ஒரு புதுக் கார்கூட இல்லையே சார்! அந்த ஊர்ல எல்லாரும் என்னை மாதிரிதான் போலிருக்கு."

படம் காட்டும் கருவி 'டக்' என்று அடுத்த படத்துக்குத் தாவியது.

அதன் பிறகுதான் அவர் இருந்த படங்கள் வந்தன. கொஞ்சம்தான். புதிய கம்பளிக் கோட்டை அணிந்துகொண்டு, சுண்ணாம்பு பூசாமல் அடுக்கிய ஒரு கல் மதிலருகே நின்றார். சிறிய கல் தேவாலயம் ஒன்றின் கதவுக்கு முன்னால் நின்றார். கடலைப் பார்த்த ஒரு புல்வெளியில், மர வாங்கு ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்தார். காலடியில் புல் ஈரமாக, கரும்பச்சையாக இருந்தது. சப்பாத்துகளில் சேறு. படத்தின் ஓரத்தில், படிப்படியாகக் கிளை விரித்த ஓர் உயரமான ஊசியிலை மரத்தின் பாதி தெரிந்தது. எந்தப் படத்திலும் அவர் சிரிக்கவில்லை.

"இதுகளை ஆர் எடுத்தது, அண்ணை?" என்று கேட்டார் விக்னராஜா.

"வழியில போற சனம்தான். கேட்டால் எடுத்துத் தருவினம்."

"பெல்ஃபீல்ட் துரையின்ரை படம் ஒண்டும் இல்லையோ?"

"அவருக்குப் படம் எடுக்கிறது பிடிக்காது."

"பின்னேரங்களில என்ன செய்வியள்? நேரம் போகுமோ?"

"என்னத்தைச் செய்யிறது. பின்னேரத் தேத்தண்ணி குடிச்சு முடியேக்கை இருட்டிப்போடும். அறைக்குள்ள போய் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருப்பன். மழை பெய்யிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்."

திரைச்சீலைகளைத் திறந்தபோது எல்லோருக்கும் கண் கூசியது. கமலினி தேநீர் போடக் குசினிக்குள் போனாள். சிறிதரன் ஞாயிறும் திறந்திருக்கும் மூலைக்கடையில் பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

"வளவைக் கொஞ்சம் பாப்பமோ, அண்ணை?" என்றார் விக்னராஜா.

மூவரும் பின்வளவுக்கு இறங்கினார்கள். எலுமிச்சை மரமும் துணி காயப்போடும் சுற்றுக்கம்பியும் இருந்தன. கமலினி காதில் விழாத தூரத்துக்கு வந்ததும் விக்னராஜா நின்றார்.

"அண்ணை, நான் கேக்கிறது பிழையெண்டால் இப்பவே சொல்லுங்கோ, போயிடுவன். நீங்கள் டெவனுக்குப் போகேல்லை."

சச்சிதானந்தன் எலுமிச்சை மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். இந்த வருசம் இங்கிலாந்தில மழையே இல்லை. எங்கடை பேப்பரில கூட ஒவ்வொரு நாளும் போட்டவன். வெக்கையில புல்லெல்லாம் கருகி, தண்ணிக்குத் தட்டுப்பாடாம். உங்கடை படத்தில புல்லு நனைஞ்சு கிடக்கு. சப்பாத்தில சேறு. மகள் வாங்கித் தந்த வெயில்காலச் சேட்டை நீங்கள் ஒரு நாளும் போடேல்லை. கம்பளிக் கோட் வாங்கியிருக்கிறியள். ஜூன், ஜூலையில அங்கை ராச் சாப்பாடு முடிஞ்ச பிறகும் வெளிச்சம் நிக்கும். நீங்கள் தேத்தண்ணி குடிச்சு முடியேக்கை இருட்டினது எண்டு சொல்லுறியள். ஜூனில மழை, குளிர், வெள்ளன இருட்டு. அது எந்த ஊர்? இந்த அவுஸ்திரேலியாதான். அங்கை வெயில்காலமா இருக்கேக்கை இஞ்சைதான் குளிர்காலம்."

"ஆனா சார், அந்தப் பாறை, துறைமுகம்?" என்றான் நரசிம்மன்.

"அது டெவன்தான். ஆனா கடையில விக்கிற ஸ்லைட். அதைக் கண்டுபிடிச்சது நீர்தான், நரசிம்மன். தெருவில ஒரு புதுக் கார் கூட இல்லை எண்டு சொன்னீர். இருபது வருசத்துக்கு முந்தி ஆரோ எடுத்த படம். அண்ணை நிக்கிற படங்களில பாறையும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஒரு மதில், ஒரு கதவு, ஒரு வாங்கு. பிறகு அந்த ஓரத்தில தெரிஞ்ச மரம். இஞ்சை சிட்னியில மான்லி கடற்கரை முழுக்க வரிசையா நிக்குதே, அந்தச் சாதி. இங்கிலாந்துக் குளிருக்கு அது வெளியில நிண்டு அப்பிடி வளராது. இஞ்சத்தைக் கடற்கரை ஊர் ஏதோ ஒண்டு. எது எண்டு எனக்குத் தெரியாது."

"கயாமா," என்றார் சச்சிதானந்தன் மெதுவாக. "தெற்கை, ரெயிலில போற இடம்."

விக்னராஜா தலையசைத்தார். "எயார்போர்ட்டில மகள் கதவைப் பாத்துக்கொண்டு நிக்க, நீங்கள் பின்னாலை இருந்து வந்தியள். பிளேனில வந்த ஆள் அந்தக் கதவாலைதான் வரோணும். நீங்கள் ரெயிலில வந்து, நீங்கள் வரவேண்டிய பிளேன் இறங்கிற நேரம் பாத்துப் போய் நிண்டிருக்கிறியள். இதுகளை நான் வெளியில சொல்லத் தேவையில்லை. ஆனா இன்னொண்டு இருக்கு. அதுதான் எனக்கு விளங்கேல்லை. பிள்ளையின்ரை தலைமயிர். இடுப்பு மட்டும் இருந்த பின்னல் இல்லை. நீங்கள் திடுக்கிடேல்லை. தன்னை நீங்கள் காணேல்லை எண்டு பிள்ளை நினைக்குது. எனக்கு அப்பிடித் தோன்றேல்லை. நீங்கள் முன்னமே கண்டிட்டியள். இடையில ஒருக்கா மகளைப் பாக்க வந்திருக்கிறியள். வந்த நீங்கள் ஏன் கதைக்காமல் போனியள்?"

பக்கத்து வளவில் யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு சச்சிதானந்தன் பேசத் தொடங்கினார். ஒருவரையும் பார்க்காமல், சுற்றுக்கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"லண்டனில இறங்கினனான். டெவனுக்குப் போற பஸ்ஸுக்கு டிக்கற்றும் எடுத்திட்டன். பஸ் நிக்கிற இடத்தில ஒரு கடை. டெவன் ஸ்லைட் பெட்டி விக்கிறான். ஆசையில வாங்கினன். சொல்லாமல் போய்த் துரையின்ரை வாசலில நிக்கோணும் எண்டுதான் நினைச்சிருந்தனான். பஸ் வரப் பிந்திச்சுது. சரி, குரலைக் கேப்பம் எண்டு போன் எடுத்தன். 'சச்சி கதைக்கிறன், வந்திட்டன்' எண்டு சொன்னன். அவர் கேட்டார், 'எந்தச் சச்சி?'"

அவர் எலுமிச்சை இலை ஒன்றைப் பறித்தார்.

"விளக்கிச் சொன்னன். காடு, கூடாரம், எல்லாம் சொன்னன். பிறகு ஞாபகம் வந்த மாதிரி இருந்துது. நல்ல மரியாதையாத்தான் கதைச்சார். இப்ப தங்களுக்கு அவ்வளவு வசதிப்படாதாம், இன்னொருக்கா வந்தால் பாக்கலாமாம். வந்து பார் எண்டு எழுதினது அவையின்ரை வழக்கம், விக்னராஜா. எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுறவை. நான் அதை முப்பது வருசம் உண்மையெண்டு வைச்சிருந்தன். பஸ் வந்து நிண்டுது. ஏற மனம் வரேல்லை. அடுத்த பிளேனில திரும்பினன்."

"திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாமே, சார்," என்றான் நரசிம்மன்.

"எப்பிடித் தம்பி வாறது? எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டுப் போனனான். பிள்ளையள் தங்கடை உழைப்பில அனுப்பினவை. எந்த முகத்தோடை வாறது? கண்ட ரெயிலில ஏறினன். கயாமாவில பச்சைக் குன்று, பசு, கல்லு மதில், கடல் எல்லாம் தெரிஞ்சுது. துரை சொன்ன மாதிரியே இருந்துது. இறங்கிட்டன். ஒரு வெள்ளைக்கார மனிசி அறை வாடகைக்குக் குடுத்தா. பகலில நடப்பன். அந்த வாங்கில இருப்பன். பகல் முழுக்கத் தனிய இருக்கிறது எனக்கு இந்த வீட்டில பழகினதுதானே."

"மகளைக் கண்டது?"

"ஒரு நாள் மனம் கேக்கேல்லை. ரெயில் ஏறி வந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ப்பக்கம் நிண்டன். நர்ஸ்மாரோடை வெளியில வந்தா. தலைமயிர் வெட்டியிருந்தா. சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. நான் வந்து மூண்டு வருசம். அவ அப்பிடிச் சிரிச்சு நான் ஒரு நாளும் காணேல்லை. றோட்டைக் கடக்கக் காலெடுத்தனான். கடக்கேல்லை. நான் இல்லாட்டிப் பிள்ளை சந்தோசமா இருக்கிறா எண்டு அப்பதான் விளங்கிச்சுது. அதாலைதான் யாழ்ப்பாணம்."

நேற்று முழுவதும் தான் கட்டிய மிரட்டல் கதையை நினைத்து நரசிம்மன் வெட்கப்பட்டான். இதில் குற்றவாளி என்று எவரும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"நான் மகளுக்கு ஒண்டும் சொல்லப்போறேல்லை," என்றார் விக்னராஜா. "என்ன நடந்தது எண்டு கண்டுபிடிச்சுத் தரச் சொல்லித்தான் கேட்டவ. கண்டுபிடிச்சிட்டன். சொல்ல வேண்டியது நீங்கள்."

சச்சிதானந்தன் வீட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து குசினிக் கதவால் உள்ளே போனார்.

மற்ற இருவரும் எலுமிச்சை மரத்தடியிலேயே நின்றார்கள். சன்னல் திறந்திருந்தது. முதலில் தாழ்ந்த குரல் மட்டும் நெடுநேரம் கேட்டது. பிறகு ஒரு பாத்திரம் தொட்டிக்குள் விழுந்தது. அதைத் தொடர்ந்து கமலினியின் குரல் வளவெல்லாம் கேட்கும்படி எழும்பியது.

"ஒரு மாதம்! அந்தக் குளிருக்குள்ள, தனிய! காய்ச்சல் கண்டிருந்தா ஆருக்குத் தெரியும்? என்னைக் கண்டிட்டும் பேசாமல் போயிருக்கிறியள்! நான் ஏன் சிரிச்சனான் எண்டு தெரியுமோ உங்களுக்கு? உங்களைப் போலக் கத்திக் காட்டினனான்! அப்பா வந்து என்ரை தலையைக் கண்டா எப்பிடிக் குதிப்பார் எண்டு நடிச்சுக் காட்டினனான். கையை இப்பிடி இடுப்பில வைச்சுக்கொண்டு! அதுக்குத்தான் அந்த நர்ஸ் பிள்ளையள் சிரிச்சவளவை. நானும் சிரிச்சனான். நீங்கள் வந்து கத்துறதைக் கேக்க நாள் எண்ணிக்கொண்டு இருந்தனான், அப்பா."

பிறகு அவள் அழுவது கேட்டது. நரசிம்மன் வேலிப்பக்கம் நடந்து போனான்.

அவர்கள் உள்ளே போனபோது தந்தையும் மகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சச்சிதானந்தன், "டிக்கற் எடுத்தாச்சு, பிள்ளை. எனக்கு வயசும் போட்டுது. அங்கை இருக்கிறதுதான் சரி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

கமலினி முகத்தைத் துடைத்தாள். வாதாடவில்லை. "சரி, போங்கோ. அதுக்கு முதல் நீங்கள் இருந்த இடத்தை எனக்குக் காட்டுங்கோ. அங்கிளும் நரசிம்மனும் கூட வரட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறிதரனுக்கு வேலை இருந்தது. மற்ற நால்வரும் ஹோல்டனில் தெற்கே போனார்கள். வழி முழுவதும் சச்சிதானந்தன் முன் இருக்கையில் மௌனமாக இருந்தார். கயாமா நெருங்கியதும்தான் பேச்சு வந்தது. இந்த ஒழுங்கையால் திருப்பும், அந்தக் கல் மதிலைப் பாரும், இது நூறு வருசத்துக்கு முன்னம் கட்டினது, ஒரு பிடி சுண்ணாம்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கைநீட்டிக் காட்டிய இடமெல்லாம் நரசிம்மன் காரை நிறுத்தினான். தேவாலயத்தைப் பார்த்தார்கள். புல்வெளிக்குப் போனார்கள். அந்த வாங்கில் கமலினி தந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஒரு மாதம் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டு இவர் என்ன நினைத்திருப்பார் என்று நரசிம்மன் யோசித்தான். தன் அறைச் சன்னலும் அதில் தெரியும் தண்டவாளமும் அவனுக்கு நினைவு வந்தன. காற்று பலமாக அடித்தது. ஒருவரும் எழுந்து போவோம் என்று சொல்லவில்லை.

கடைசியாக அந்த வீட்டுக்குப் போனார்கள். தகரக் கூரை போட்ட சிறிய வீடு. தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த வயதான பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. மண் படிந்த கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வேலிப் படலைக்கு வந்தாள்.

"திரும்பி வந்துவிட்டீர்களா!" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு கமலினியைக் கண்டாள். "இது மகளா? டெவனில் இருக்கும் மகளா? உன்னைப் பற்றித்தான் உன் அப்பா எந்நேரமும் பேசுவார், அம்மா. மகள் டெவனில் டாக்டராக இருக்கிறாள், அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள், தன்னால் போய்ப் பார்க்க முடியவில்லை என்று சொல்வார். கடைசியில் நீயே வந்துவிட்டாயா?"

சச்சிதானந்தனின் முகம் வெளிறியது. நரசிம்மன் நிலத்தைப் பார்த்தான். விக்னராஜா கூட ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார்.

கமலினி தந்தையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"ஆமாம்," என்றாள் ஆங்கிலத்தில், அமைதியாக. "நேற்றுத்தான் வந்தேன்."

"எவ்வளவு நல்லது! எத்தனை நாள் இருப்பாய்?"

கமலினி பதில் சொல்வதற்குள் சச்சிதானந்தன் ஓரடி முன்னால் வந்தார். படலையின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும்," என்றார். "நான் உங்களிடம் உண்மை சொல்லவில்லை. இவள் டெவனில் இல்லை. இவள் இருப்பது நார்த்மீட்டில்."

பெண்மணி விளங்காமல் அவரைப் பார்த்தாள்.

"நானும் அங்கேதான் இருக்கிறேன்," என்றார் அவர். "இவளோடு."